வடபுறத்து ஓடை

எங்கள் தெருக் கோயிலின் வடபுறத்தில் ஒரு காலத்தில் ஓடை ஓடியதா என்று இன்று யாரேனும் கேட்டால், தெரியாது என்றுதான் சொல்வேன். ஆனால் பகுதி சபைக் கூட்டத்தில் ஒலிபெருக்கியின் முன் நின்று, ஓடியது என்று சொன்னவளும் நானே.

மயிலாப்பூரின் உட்தெரு எங்களுடையது. நல்ல மழை பெய்தால் தண்ணீர் வடிய வழியின்றி நாட்கணக்கில் நிற்கும். வடிகால் வேண்டுமென்று பல ஆண்டுகள் கேட்டோம். ஒருவழியாக மாநகராட்சி வரைபடத்தோடு வந்தபோது, கால்வாய் கோயிலின் தென்மதிலை ஒட்டிப் போவதாகக் காட்டியிருந்தது. அந்த மதிலைத் தன் பின்சுவராகக் கொண்டு நிற்கிறது பழைய கல்மண்டபம். அதன் அடித்தளம் எவ்வளவு ஆழம் என்று யாருக்கும் தெரியாது. வெள்ளிக்கிழமை மாலைகளில் சில பெண்களோடு அமர்ந்து நான் இந்தத் தலத்துக்குரிய பதிகத்தை ஓதுவது அந்த மண்டபத்தில்தான். இயந்திரத்தை விட்டுத் தோண்டினால் தூண்கள் அசையும் என்று எங்கள் குடியிருப்போர் நலச்சங்கம் எதிர்த்தது.

சங்கத்தின் செயலாளர் ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி. ஒருநாள் காலை வீட்டுக்கு வந்தார்.

“டீச்சர், வேண்டாம் வேண்டாம்னு மட்டும் சொல்லிண்டிருந்தா எடுபடாது. நாமளே வேற வழி காட்டணும். வடக்கால கொண்டுபோங்கோன்னு சொல்லப் போறோம். உங்க பதிகத்துல தண்ணி எந்தப் பக்கம் ஓடித்துன்னு ஏதாவது வரதா?”

“வருதே, நாலாம் பாட்டுல,” என்றேன். ஒரு கணமும் யோசிக்கவில்லை.

கோயிலின் வடக்கே ஆம்பல் மலரும் ஓடை என்றும், அதன் கரையில் நாரை ஒற்றைக்காலில் காத்திருக்கும் என்றும் அந்தப் பாட்டில் வரும். எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரிவதற்கு முன்பே மனப்பாடமான பாட்டு. அது பொய் சொல்லும் என்றோ, மெய் சொல்லும் என்றோ நான் நினைத்துப் பார்த்ததே இல்லை. நினைக்க வேண்டிய பொருளாகவே அது எனக்கு இருந்ததில்லை.

கூட்டம் பள்ளிக்கூட அரங்கில் நடந்தது. பாட்டைப் பண்ணோடு பாடிவிட்டுப் பொருளும் சொன்னேன். கைதட்டினார்கள். கவுன்சிலர் நாற்காலியை விட்டு எழுந்து கும்பிட்டார். உதவிப் பொறியாளர் மட்டும், வேளச்சேரியிலிருந்து வரும் இளைஞர், பேனாவை மூடாமல் கேட்டார்.

“அம்மா, வடக்குன்னா கோயிலுக்கு வடக்கா, ஊருக்கு வடக்கா?”

“கோயிலுக்கு,” என்றேன்.

எழுதிக்கொண்டார். நானும் மகிழ்ச்சியோடு வீடு திரும்பினேன்.

சில வாரங்கள் கழித்து, இட்லிக் கடைக்காரம்மா கையில் மாவு காயாமல் என் வாசலில் வந்து நின்றாள். கோயிலின் வடமதிலை ஒட்டி வரிசையாக உள்ள சிறு வீடுகளில் ஒன்று அவளுடையது. முன்னறைதான் கடை. மாமியார் காலத்திலிருந்து அங்கேதான் அடுப்பு எரிகிறது.

“டீச்சரம்மா, இன்னா பாட்டு பாடினீங்க நீங்க?”

“என்ன ஆச்சு?”

“என் வூட்டு செவுத்துல செவப்பு கோடு போட்டுக்கினு போறாங்க. இன்னாத்துக்குடான்னு கேட்டா, இங்க ஓடை இருந்துச்சாம், நான் அத்து மேல குந்தினு கீறனாம். எவன்டா சொன்னதுன்னா, உங்க டீச்சரம்மாதான் பாட்டாவே பாடிட்டாங்கன்றான்.”

“கால்வாய் அந்தப் பக்கமாப் போகட்டும்னுதான் சொன்னேன். வீட்டைப் பத்தி நான் பேசவே இல்லையே.”

“பேசாட்டி? கால்வா என் வூட்டத் தாண்டிக் குதிச்சா போவும்?” என்றவள் படியில் உட்கார்ந்தாள். “நல்லாப் பாருங்க டீச்சரம்மா. ஓடை இருந்துச்சுன்னா கரையில எவளாச்சும் இட்லி வித்துக்கினு இருந்திருப்பா. அதையும் பாடிவெச்சிருந்தா எனக்கு ஒத்தாசையா இருந்திருக்கும்.”

சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பொறியாளரைப் போய்ப் பார்த்தேன். பொறுமையாகவே விளக்கினார். வெறும் வடிகால் என்றால் சாலையில் ஓர் ஓரத்தை எடுத்துக்கொள்வார்கள், வீடுகளுக்குக் கேடில்லை. ஆனால் அங்கே பழைய நீர்வழி இருந்தது என்று ஊரார் தரப்பிலிருந்தே சொல்லப்பட்டுக் கோப்பில் ஏறிவிட்டால், அதன்மேல் உள்ள வீடுகள் ஆக்கிரமிப்பு ஆகிவிடும். விசாரணை தொடங்கியாயிற்று. “நீங்க நல்லதுக்குத்தான் சொன்னீங்கம்மா. ஆனா நீர்வழின்னு வந்துட்டா எங்களால கண்ணை மூடிக்க முடியாது,” என்றார்.

செயலாளரிடம் சென்றேன். அவர் குரலில் பதற்றமே இல்லை.

“நீங்க இல்லாததையா சொன்னேள்? தெய்வ வாக்குன்னா அது. இப்போ போய் மாத்திப் பேசினா மறுபடியும் தெக்கால வந்துடுவா. மண்டபம் போயிடும், பரவாயில்லையா?”

“அவ வீடு போகுதே.”

“வேற இடம் கொடுப்பா.”

“கொடுப்பாங்களா?”

அவர் செய்தித்தாளைப் பிரித்துக்கொண்டார்.

அன்றிரவு முதல் என் மனம் ஒரு நிலையில் நிற்கவில்லை. பள்ளியில் இலக்கியம் நடத்தியபோது, எந்த ஊரைப் பாடினாலும் புலவர் அங்கே வயலும் வாவியும் வண்டும் வைப்பது மரபு என்று நானே கரும்பலகையில் எழுதியிருக்கிறேன். அந்த அளவுகோலை அருளாளர் பாட்டின்மீது வைக்க ஒருநாளும் துணிந்ததில்லை. இப்போது வேறு தலங்களுக்கு உரிய பதிகங்களைப் புரட்டினேன். அங்கேயும் ஆம்பல், அங்கேயும் நாரை. சரி, மரபுதான் என்று ஆறுதல் கொண்டேன். உடனே இன்னொன்று உறுத்தியது. ஓடை மரபு என்றால், அதே பாட்டின் கடைசி அடியில் அஞ்சேல் என்று எனக்குச் சொல்லப்பட்டிருப்பதும் மரபுதானா? கணவரைப் பறிகொடுத்த ஆண்டில் என்னை எழுந்து உட்கார வைத்தது அந்த அடி. ஒரு பாட்டின் முதல் பாதியை விட்டுக்கொடுத்துவிட்டு மறு பாதியைப் பற்றிக்கொள்ள முடியுமா என்று எனக்கு விளங்கவில்லை. இப்போதும் விளங்கவில்லை.

ஒரு பெருமழையில் குடையோடு போய்த் தெருவில் நின்று பார்த்தேன். தண்ணீராவது தன் பழைய வழியைச் சொல்லும் என்று ஓர் ஆசை. வடக்கே கொஞ்ச தூரம் போனது, ஒரு வேகத்தடையில் முட்டித் திரும்பியது. பின் எங்கும் போகாமல் நின்றது. இட்லிக் கடைக்காரம்மா வாசலில் மணல்மூட்டை அடுக்கியபடி கேட்டாள்: “இன்னா டீச்சரம்மா, ஆம்பல் பூத்துச்சா?”

அடுத்த கூட்டத்தில் நானே கை தூக்கினேன். சொன்னதைத் திரும்பப் பெறுகிறேன் என்றேன். அரங்கில் சலசலப்பு. செயலாளர் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார்.

“பாடினதையே இல்லன்னா சாமி குத்தம் ஆயிடாதாம்மா?” என்றார் கவுன்சிலர். கேலி இல்லை, உண்மையாகவே கவலைப்பட்டார்.

பொறியாளருக்கு எழுத்தில் வேண்டியிருந்தது. “பாட்டில் உள்ள செய்தி உண்மையல்லன்னு ஒரு வரி எழுதிக் கொடுங்கம்மா, விசாரணையை நிறுத்திடலாம்.”

பேனா கைக்கு வந்தது. அந்த வரியை எழுதக் கை வரவில்லை.

“உண்மையல்லன்னு எழுத மாட்டேன். நிலத்துக்கு அது சாட்சி இல்லைன்னு எழுதறேன்.”

“ஓடை இருந்ததா இல்லையான்னு ஒண்ணு சொல்லணுமேம்மா.”

“யம்மா,” பின்வரிசையிலிருந்து இட்லிக் கடைக்காரம்மாவின் குரல், “தெரியாதுன்னு எழுதுங்க. தெரியாததுக்கு எவனும் வூட்ட இடிக்க மாட்டான்.”

அப்படியே எழுதினேன். ஓடை இருந்ததா என்பது எனக்குத் தெரியாது. பதிகத்தை நிலத்துக்குச் சான்றாகக் கொள்ள வேண்டாம். எழுந்து நின்று படித்துக் காட்டினேன். சொல்லக்கூடாததைச் சொல்லிவிட்டேனா, முன்பே சொல்லியிருக்க வேண்டியதைத் தாமதமாகச் சொன்னேனா என்று பிரித்தறிய முடியவில்லை. விசாரணை கைவிடப்பட்டது. சிவப்புக் கோட்டின்மேல் அவளே சுண்ணாம்பு பூசினாள்.

வடக்கே கொண்டுபோக வேறு ஆதாரம் இல்லாததால், கால்வாய் முதல் வரைபடத்தின்படியே தெற்கே திரும்பியது. மண்டபத்தை ஒட்டிய பகுதியில் மட்டும் ஆட்களைக் கொண்டு மண்வெட்டியால் தோண்ட வேண்டும் என்று வற்புறுத்தினோம், ஒப்புக்கொண்டார்கள். என்னோடு பேசுவதை நிறுத்திவிட்ட செயலாளர், பள்ளத்தின் ஓரத்தில் நாற்காலி போட்டுக் காவல் இருந்தார். தோண்டி முடிக்கும் தறுவாயில் ஒருநாள் எனக்கு ஆள் அனுப்பினார்.

மண்டபத்தின் பின்சுவரில், நான் வழக்கமாகச் சாய்ந்து அமரும் இடத்துக்குச் சற்று மேலே, ஒரு விரிசல்.

“புதுசு,” என்றார் செயலாளர்.

“பழசு சார். உள்ள அழுக்கு படிஞ்சிருக்கு பாருங்க,” என்றார் பொறியாளர். “புதுசுன்னா வேலையை நிறுத்திடறேன். அம்மாவே சொல்லட்டும். வாராவாரம் இங்கதானே உட்காருறாங்க.”

இருவரும் என்னைப் பார்த்தார்கள். எத்தனையோ ஆண்டுகள் முதுகைத் தாங்கிய சுவர். பாட ஆரம்பித்தால் என் கண்கள் மூடிக்கொள்ளும், முடிந்ததும் சந்நிதியைத்தான் பார்ப்பேன். அந்தச் சுவரை நான் பார்த்ததே இல்லை.

“தெரியலை,” என்றேன்.

செயலாளர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பொறியாளர் யோசித்துவிட்டு, விரிசலின் குறுக்கே சிறு கண்ணாடித் துண்டு ஒன்றைச் சிமெண்டால் பதிக்கச் சொன்னார். சுவர் அசைந்தால் கண்ணாடி உடையும், அப்போது யாரையும் கேட்க வேண்டியதில்லை.

இப்போது நான் சுவரைப் பார்த்து அமர்ந்து ஓதுகிறேன். சந்நிதிக்கு முதுகு காட்டக்கூடாது என்பதால் சற்றுப் பக்கவாட்டில் திரும்பி. உடன் ஓதும் பெண்கள் காரணம் கேட்கவில்லை. சென்ற வெள்ளிக்கிழமைவரை கண்ணாடி முழுசாகத்தான் இருந்தது.