அறுபத்தோரு போன் அழைப்புகள்

பானுமதியின் படிப்பு பன்னிரண்டாம் வகுப்போடு நின்றுவிட்டது. மும்பையின் மாட்டுங்கா லேபர் கேம்பிலிருந்து பஸ் பிடித்துச் செம்பூருக்குப் போய், ஒரு மென்பொருள் கம்பெனியில் போன் எடுக்கும் வேலையில் சேர்ந்தபோது அவளுக்கு இருபத்துநான்கு வயது. அங்கே மொத்தமே பதினோரு பேர். சின்ன ஆஸ்பத்திரிகளுக்கும் டயாலிசிஸ் மையங்களுக்கும் நோயாளிப் பதிவு, மருந்து இருப்பு, பில் எல்லாம் பார்த்துக்கொள்கிற மென்பொருளைச் செய்து விற்றார்கள். அது மக்கர் செய்யும்போது ஆஸ்பத்திரிக்காரர்கள் போன் பண்ணுவார்கள். பானுமதி எடுப்பாள்.

எடுத்து எடுத்தே அந்த மென்பொருளை அவள் கற்றுக்கொண்டாள். தமிழ், இந்தி, மராத்தி எதில் கேட்டாலும் அதே மொழியில், எரிச்சல்படாமல், எந்த பட்டனை அழுத்த வேண்டும் என்று சொல்லுவாள். இருபத்திரண்டு வருஷத்தில் கம்பெனி நூற்றெழுபது பேராக வளர்ந்தது. உதவிப் பிரிவுக்கு அவளே தலைவி. ஆனாலும் பழைய ஆஸ்பத்திரிகள் அவள் பேரைச் சொல்லித்தான் கேட்டன. “பானுமதி பெஹனைக் கூப்பிடுங்க” என்று இந்தியில் அக்கா முறை வைத்துச் சொல்வார்கள்.

கம்பெனியைத் தொடங்கிய அனந்தநாராயணன் ஒரு நாள் எல்லோரையும் கூட்டிவைத்து, ஒரு பெரிய முதலீட்டு நிறுவனம் எழுபது சதவீதப் பங்கை வாங்கியிருக்கிறது என்று அறிவித்தார். “நல்ல நாள் வரது. இனிமே நாம வேற லெவல்ல வளரப்போறோம்” என்றார். அவர் முகம் என்னவோ ரிடையர் ஆகிறவர் முகம் மாதிரித்தான் இருந்தது.

அந்த நிறுவனம் என்ன செய்யும் என்று பக்கத்து மேசை ஜம்புவிடம் கேட்டாள். ஜம்பு அந்த மென்பொருளை எழுதியவர்களில் ஒருவன்.

“ஊர்ப்பட்ட பணக்காரங்ககிட்ட பணம் திரட்டி நம்மள மாதிரி நடுத்தரக் கம்பெனியா பாத்து வாங்குவாங்க. நாலஞ்சு வருஷம் லாபத்த ஏத்திக் காமிப்பாங்க. அப்புறம் இன்னொருத்தன் தலையில நல்ல விலைக்குக் கட்டிட்டுப் போயிடுவாங்க.”

“அப்போ நம்ம ஆஸ்பத்திரிங்க?”

“அவங்கதான் லாபம்” என்றான் ஜம்பு.

முதலீட்டு நிறுவனத்தின் ஆளாக சாய்நாத் வந்தான். முப்பத்துநாலு வயது. மாட்டுங்காவில் வளர்ந்தவன். எல்லோரிடமும் இங்கிலீஷில் பேசுகிறவன், பானுமதியிடம் மட்டும் தமிழில் பேசினான். அவளுக்கு அது பெருமையாகக்கூட இருந்தது.

மூன்றாம் மாதம் அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டு ஒரு காகிதத்தைத் தந்தான். பழைய மென்பொருளை ஒரே தடவை விலைகொடுத்து வாங்கியிருந்த சின்ன ஆஸ்பத்திரிகளையெல்லாம், மாதாமாதம் கட்டணம் கட்டும் புதிய திட்டத்துக்கு மாற்ற வேண்டும். செலவு பழையதைப்போல மூன்று மடங்கு. மூன்று வருஷ ஒப்பந்தம், நடுவில் விலக முடியாது. போனில் என்ன சொல்ல வேண்டும் என்பது காகிதத்தில் வரி வரியாக இருந்தது. பழைய மென்பொருள் இனிப் பாதுகாப்பானதல்ல, நோயாளிகளின் விவரங்கள் திருடுபோகும் அபாயம் உண்டு, திருடுபோனால் சட்டப் பொறுப்பு ஆஸ்பத்திரியுடையது.

“இது உண்மையா, சார்?” என்று பானுமதி கேட்டாள்.

“வாய்ப்பு இருக்குன்னுதானே போட்டிருக்கு? வாய்ப்பு எதுலதான் இல்லை? நீங்க சொன்னா அவா கேப்பா, பானு ஜி. வேற யார் சொன்னாலும் யோசிப்பா.”

ஜம்பு பத்தடி தூரத்தில்தான் இருந்தான். போய் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. கேட்டால் என்ன பதில் வரும் என்று அவளுக்கு உள்ளுக்குள் தெரிந்திருந்தது.

இரண்டு வாரத்தில் அறுபத்தோரு ஆஸ்பத்திரிகளுக்குப் போன் செய்தாள். ஐம்பத்திரண்டு பேர் கையெழுத்துப் போட்டார்கள். கல்யாணில் ஒரு தர்ம டயாலிசிஸ் மையத்தை நடத்திவந்த பிரம்மநாயகம், அவள் வாசித்து முடிக்கும் வரைகூடக் காத்திருக்கவில்லை.

“எனக்கு இதெல்லாம் வெளங்காது தங்கச்சி. நீங்க சொல்லுதீங்கன்னா சரியாத்தான் இருக்கும். எங்கன கையெழுத்துப் போடணும்னு சொல்லுங்க.”

அவள் சொன்னாள்.

அந்த மையத்தில் புதிய மென்பொருளை ஏற்றும்போது பழைய பதிவுகள் பாதி வரவில்லை. பானுமதியே நேரில் போனாள். எட்டு மெஷின்கள், எட்டுக் கட்டில்கள். பிரம்மநாயகம் அவளுக்கு டீ வாங்கிவரச் சொல்லிவிட்டு, வாசல் சுவரில் ஓர் அறிவிப்பை ஒட்டிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு டயாலிசிஸுக்கும் நூற்றைம்பது ரூபாய் கூடுதல் என்று மராத்தியிலும் இந்தியிலும் எழுதியிருந்தது.

“வேற வழியில்ல. உங்க புது கட்டணத்த எங்கிருந்தாவது எடுக்கணும்லா” என்றார். குறையாகச் சொல்லவில்லை. விளக்கமாகத்தான் சொன்னார்.

காக்கிச் சட்டை போட்ட ஒரு ஆட்டோக்காரர் அறிவிப்பை இரண்டு தடவை படித்தார். வாரத்துக்கு மூன்று தடவை வருகிறவர். “அப்போ வாரத்துக்கு ரெண்டு தடவை வந்தா போதுமா?” என்று நர்ஸிடம் இந்தியில் கேட்டார். நர்ஸ் அவர் கையைப் பிடித்து ஊசி ஏறும் இடத்தைப் பார்த்தாள். பானுமதி வந்த டீயைக் குடிக்காமல் பதிவுகளைச் சரிசெய்துவிட்டு ரயிலேறினாள்.

மறுநாள் ஜம்புவிடம் கேட்டாள். பழைய மென்பொருளில் ஓட்டை ஏதும் இல்லை, போன வருஷம்தான் வெளியாட்களை வைத்துச் சோதித்துச் சான்றிதழ் வாங்கினோம் என்றான் அவன். சாய்நாத்திடமும் அதன் பிரதி இருந்தது.

அந்த வெள்ளிக்கிழமை ஒரு ஹோட்டலில் கூட்டம். திரையில் பானுமதியின் போட்டோ. அதன் கீழே, அவள் போன் செய்தவர்களில் நூற்றுக்கு எண்பத்தைந்து பேர் மாறிவிட்டார்கள் என்ற கணக்கு. சிங்கப்பூரிலிருந்து வந்திருந்த கோட்டுக்காரர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். 85 என்று க்ரீமில் எழுதிய கேக்கை வெட்டச் சொல்லி, சாய்நாத் ஒரு துண்டை அவள் வாயில் ஊட்டினான். கழிப்பறைக்குப் போய்த் துப்பினாள். வாயைக் கழுவினாள். மறுபடியும் கழுவினாள். நாக்கில் அந்த வழவழப்பு ஒட்டிக்கொண்டே இருந்தது.

வெளியே சாய்நாத் இன்னொரு காகிதத்தோடு காத்திருந்தான். மீதி நானூறு ஆஸ்பத்திரிகளுக்கு அவளே போன் செய்துகொண்டிருந்தால் மூன்று மாதத்துக்கு மேலாகும். அவள் குரலைப் பதிவுசெய்து கம்ப்யூட்டருக்குக் கற்றுக்கொடுத்துவிட்டால் ஒரே நாளில் முடியும். சம்மதக் கையெழுத்துப் போட்டால் நல்ல போனஸ்.

“நீங்க ஒண்ணும் பண்ண வேண்டாம், பானு ஜி. உங்க குரலே பேசிக்கும்.”

“அந்தப் பொய்யையா?”

“பொய்னு ஏன் எடுத்துக்கறேள்? இது பிசினஸ்.”

“ஆட்டோ ஓட்டுதவரு ஒரு டயாலிசிஸ கொறச்சிக்கிடலாமான்னு கேக்காரு சார். அதுக்கு என்ன பேரு?”

சாய்நாத் சிரிக்கவும் இல்லை, கோபப்படவும் இல்லை. திங்கட்கிழமைக்குள் யோசித்துச் சொல்லும்படி கேட்டுக்கொண்டான்.

சனிக்கிழமை மாட்டுங்காவில் அனந்தநாராயணன் வீட்டுக்குப் போனாள். அவர் காபி கொடுத்தார். எல்லாவற்றையும் தலையாட்டிக் கேட்டார்.

“நான் இப்போ போர்டுல வெறும் பேர்தான், பானு. அவா சொல்றதுக்குக் கையைத் தூக்கறேன், அவ்வளவுதான். என்கிட்ட இருக்கற மீதி முப்பது பர்சென்டுக்கு, அவா கம்பெனியை விக்கறப்போதான் பணம் வரும். நீயும் கொஞ்சம் பொறுத்துக்கோ.”

அவள் காபியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தாள்.

திங்கட்கிழமை ஆபீஸில், சம்மதக் காகிதத்தில் கையெழுத்துப் போடாமல் தன் மேசையிலேயே உட்கார்ந்து, அறுபத்தோரு பேரையும் மறுபடி அழைக்கத் தொடங்கினாள். பழையது பத்திரமாகத்தான் இருக்கிறது, நான் சொன்னது பொய், மன்னித்துவிடுங்கள். முப்பத்தெட்டாவது அழைப்பில் கம்பெனி அவள் லைனைத் துண்டித்தது. செக்யூரிட்டி அவள் பையைச் சோதித்து வெளியே அனுப்பினான். மீதிப் பேரைத் தெருவில் நின்று சொந்த போனில் அழைத்தாள்.

இன்னும் கையெழுத்துப் போடாத ஒன்பது பேர் தப்பித்தார்கள். மாட்டிக்கொண்டவர்களில் நாலு பேர் வக்கீல் வைத்து ஒப்பந்தத்தை முறித்தார்கள். மற்றவர்களிடம் வக்கீலுக்கும் வசதியில்லை. ஒரு டாக்டர் அவளை வாய்க்கு வந்தபடி திட்டினார். திட்டு வாங்கியது அவளுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

பிரம்மநாயகம் திட்டவில்லை.

“மூணு வருஷத்துக்குக் கையெழுத்துப் போட்டாச்சே தங்கச்சி. இனி என்ன செய்ய?”

“தப்பு என் மேலதான் அண்ணாச்சி. எங்க வேணும்னாலும் வந்து சாட்சி சொல்லுதேன்.”

“அன்னைக்குச் சொன்னது பொய்யின்னு இப்பச் சொல்லுதீங்க. இப்பச் சொல்லுததும் யாரு சொல்லிக்கொடுத்துச் சொல்லுதீங்களோ” என்று மெதுவாகச் சொல்லிவிட்டு அவர் போனை வைத்தார். அதற்குப் பிறகு அவள் எண்ணை அவர் எடுக்கவில்லை.

கம்பெனியிலிருந்து வக்கீல் நோட்டீஸ் வந்தது. அவள் தன் வக்கீலிடம் சொல்லி, பதில் நோட்டீஸில் அந்தச் சோதனைச் சான்றிதழைப் பற்றி ஒரு வரி எழுதவைத்தாள். பிறகு அங்கிருந்து ஒரு சத்தமும் இல்லை. குர்லாவில் கிளினிக்குகளுக்குக் கம்ப்யூட்டர் பழுதுபார்க்கும் ஆறு பேர் கடையில் வேலைக்குச் சேர்ந்தாள். பாதிச் சம்பளம். கணவன் மாரீஸ்வரன் வீட்டுச் செலவுக் கணக்கை அதற்கேற்பத் திருத்தி எழுதினான், அதுவே பெரிய உதவியாக இருந்தது.

ஒன்றரை வருஷம் கழித்து ஜம்பு போன் செய்தான். கம்பெனியை இன்னும் பெரிய முதலீட்டு நிறுவனம் ஒன்று வாங்கிவிட்டது. சாய்நாத் வேறொரு கம்பெனிக்குப் போய்விட்டான். போகும்போது அவனுக்கும் கேக் வெட்டினார்களாம்.

“புது ஆளுங்க எங்க டீமுக்கு ஒரு காகிதம் குடுத்திருக்காங்க. ஆஸ்பத்திரிங்களுக்கு எழுத வேண்டியது. அதே வரிங்கதான். செம்பூர் வீட்டுக்கு இன்னும் பன்னெண்டு வருஷம் லோன் இருக்கு. நான் என்ன பண்ணட்டும்?”

“கல்யாண்ல இருக்க அந்த டயாலிசிஸ் சென்டருக்கு ஒரு தடவை போயி பாத்துட்டு வா” என்றாள் பானுமதி.

அவன் போனானா என்று அவள் கேட்கவில்லை. அவனும் சொல்லவில்லை.