வாலில் உட்காரும் விமானம்

அண்ணி எந்த இயந்திரத்தையும் காதால்தான் பார்ப்பாள். மிக்ஸி ஓடினால் அதன் பக்கத்தில் காதைக் கொண்டு போவாள். ஃபிரிட்ஜின் முதுகில் சாய்ந்து நிற்பாள். எங்கள் குடியிருப்பு லிஃப்ட் மேலே ஏறிவருவதற்குள் அவள் காது கதவில் ஒட்டியிருக்கும். கல்யாணமாகி எங்கள் வீட்டுக்கு வந்த புதிதில், தையல் மெஷின்மேல் தலை சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். தூங்குகிறாள் என்று நினைத்து விளக்கை அணைத்துவிட்டேன்.

"யாரு விளக்க அணைச்சது? உள்ள ஒரு சத்தம் வருது, பாத்துக்கிட்டிருக்கேன்ல?"

"கண்ண மூடிக்கிட்டுதானே அண்ணி இருந்தீங்க?"

"அதுக்காக? இருட்டுல காது கேக்குமா?" என்றாள். சொன்ன பிறகு அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. அன்றைக்குத்தான் எனக்குப் பூனை என்று பெயர் வைத்தாள். வந்ததும் தெரியவில்லை, போனதும் தெரியவில்லையாம்.

அண்ணன் கடைகளுக்குச் சரக்கு கொண்டுபோகும் வேன் ஓட்டுகிறான். "இவ என் நெஞ்சுல தலை வச்சாலே எனக்கு பக்குங்குது. 'உள்ள ஒரு பல்லு தேஞ்சிருக்கு, கழட்டிப் பாக்கணும்'னு சொல்லிடுவாளோன்னு" என்பான்.

நானும் அண்ணியும் ஒரே பொம்மைக் கடையில் வேலை செய்கிறோம். எனக்கு வாசலுக்குப் பக்கத்தில் பரிசுப் பொருள்களுக்குக் காகிதம் சுற்றும் மேசை. வந்தவர்களோடு பேச வேண்டியதில்லை, எந்தக் காகிதம் என்று விரலால் காட்டிவிடுவார்கள். எனக்கு அது தோதான வேலை. அண்ணிக்குப் பின்பக்கக் கிடங்கு. ஜன்னல் இல்லாத அந்த அறையில் அட்டைப்பெட்டிகளை இறக்குவது, விலைச்சீட்டு ஒட்டுவது, அடுக்குவது என்று பல வருஷம் ஓடிவிட்டது. ஆனால் அவள் கண் எப்போதும் கடையின் முன்பக்கத்திலிருந்த இன்னொரு மேசைமேல்தான். தெருவைப் பார்த்த கண்ணாடிக்குப் பின்னால் அது இருந்தது. புதிதாக வரும் பொம்மைகளைப் பிரித்து, கட்டி, ஓட்டிப் பார்த்து, ஜன்னலில் வைக்கிறவருக்கான மேசை. சாப்பாட்டு நேரத்தில் கூட அவள் அந்தப் பக்கமாகத்தான் சுற்றிக்கொண்டு போவாள்.

அந்த மேசைக்காரர் வேறு ஊருக்குப் போனதும், முதலாளி கேட்பதற்கு முன்பே அண்ணி போய் நின்றாள்.

முதலாளி அவளை ஏற இறங்கப் பார்த்தார். "சரி. ஒரு பெட்டி தர்றேன். கட்டி ஜன்னல்ல ஓட விடு. ஸ்கூல் லீவு முடியற வரைக்கும் நிக்காம ஓடணும். ஓடுச்சுன்னா மேசை உனக்கு. இல்லேன்னா பழையபடி கிடங்கு. ஆனா ஒண்ணு, ஜன்னல்ல இருக்கறதுதான் பெட்டிக்குள்ள இருக்கணும். படத்துல உள்ளபடி கட்டு. உன் கைவேலையெல்லாம் காட்டாத."

அவர் கொடுத்தது பிளாஸ்டிக் கட்டைகளை ஒன்றோடொன்று அழுத்திக் கட்டும் விமானம். வயிற்றில் ஒரு மோட்டார். அதிலிருந்து இரண்டு இறக்கைக்குள்ளும் நீளமான தண்டு போகும். தண்டு சுழன்றால் பல்சக்கரங்கள் சுழலும். அவை சுழன்றால் இறக்கையில் இருக்கும் விசிறிகள் சுற்றும். பெட்டியின்மேல் இருந்த படத்தில் அது மேகத்தைக் கிழித்துக்கொண்டு பறந்தது.

அண்ணி நிறத்துக்கு ஒரு கிண்ணமாகக் கட்டைகளைப் பிரித்துவைத்துக்கொண்டு, படப்புத்தகத்தில் ஒரு பக்கம் பார்ப்பாள், ஒரு கட்டை வைப்பாள், மறுபடி பக்கத்தைப் பார்ப்பாள். கட்டி முடித்துச் சக்கரங்களில் நிறுத்திக் கையை எடுத்தாள். விமானம் கொஞ்சம் யோசித்தது. பிறகு மூக்கைத் தூக்கி, பின்பக்கமாக மெல்லச் சாய்ந்து, வாலில் உட்கார்ந்துகொண்டது.

"என்ன அண்ணி, உக்காந்துடுச்சு?"

"கால் வலிக்குது போல" என்றாள். ஆனால் முகம் சிரிக்கவில்லை.

எங்கோ தவறு செய்துவிட்டோம் என்று முழுதும் பிரித்து மறுபடி கட்டினாள். மறுபடி உட்கார்ந்தது. மோட்டாரைப் போட்டால் இறக்கைக்குள்ளிருந்து டக் டக் என்று சத்தம். ஓட ஓட உடம்பெல்லாம் அதிர்ந்து விமானத்தின் பக்கவாட்டு ஜன்னல் கட்டைகள் ஒவ்வொன்றாகக் கழன்று விழுந்தன. பேட்டரி தீர்ந்துபோனால் மாற்றுவதற்கு முதுகு பூராவையும் உடைத்துத்தான் எடுக்க வேண்டும்.

அந்த நாட்களில் அவளை வீட்டில் ஓரிடத்தில் பார்க்க முடியவில்லை. சோற்றில் கை வைப்பாள், எழுந்து போவாள். இரண்டு கரண்டிகளைக் குறுக்காக வைத்து, நடுவில் உப்பு டப்பாவை வைத்து நகர்த்தி நகர்த்திப் பார்ப்பாள். துணி மடிக்கும்போது சட்டைக் கைகளை இறக்கைபோல விரித்துவைத்து அப்படியே நின்றுவிடுவாள்.

"என் சட்டை எப்ப பறக்கும்னு சொன்னா நான் அதுக்குத் தகுந்த மாதிரி கெளம்புவேன்" என்றான் அண்ணன்.

"சும்மா இருங்க. தப்பு என்கிட்ட இல்லைங்க. அத வரைஞ்சவங்ககிட்ட இருக்கு." அவள் உப்பு டப்பாவைக் கரண்டியின் நுனிக்குத் தள்ளினாள். மறுமுனை தூக்கிக்கொண்டது. "உள்ள பொம்மை ஆளுங்க உக்கார சீட்டு வேணும்னு, பேட்டரிப் பெட்டிய சக்கரத்துக்குப் பின்னால தள்ளிட்டாங்க. எடை பூரா வால்ல. தண்டு அவ்வளவு நீளம் போகுது, ரெண்டு முனையில மட்டும்தான் பிடிமானம். நடுவுல வளையுது. வளைஞ்சா பல்லு நழுவுது. அதான் அந்தச் சத்தம்."

"முதலாளிகிட்ட சொல்லேன்."

"சொன்னா, 'கட்டத் தெரியல, சாக்கு சொல்றா'ம்பாரு."

மறுநாள், கிடங்கில் உடைந்துபோய்க் கிடந்த ஒரு பொம்மைப் படகை அண்ணி தேடி எடுத்ததைப் பார்த்தேன். படகு நிமிர்ந்து மிதப்பதற்காக அதன் அடியில் கனமான ஒரு கட்டை வைத்திருப்பார்கள். அதைக் கழற்றி விமானத்தின் மூக்குக்குள் வைத்து மூடினாள். இறக்கை நடுவில் தண்டைத் தாங்க இன்னும் இரண்டு கட்டைகள். விமானத்தின் ஜன்னல்களுக்கு உள்பக்கமாக ஒரு பட்டை. விமானம் நிமிர்ந்து நின்றது. விசிறிகள் பட்டுத்துணி இழுபடும் சத்தத்தில் சுற்றின.

"பூனை, வெளிய ஒண்ணும் மாறல பாத்தியா? உள்ளதான் கொஞ்சம்" என்றாள். நான் கேட்காத கேள்விக்கு அவளாகவே பதில் சொன்னாள்.

ஜன்னலில் அது ஓடத் தொடங்கியதும் தெருவில் போகிறவர்கள் நின்றார்கள். குழந்தைகள் கண்ணாடியில் மூக்கை அழுத்தினார்கள். லீவு முடியும்வரை பார்க்கலாம் என்று முதலாளி அண்ணியை முன்மேசையில் உட்காரவைத்தார். பெட்டிகள் விற்க விற்க என் மேசைக்கு வந்தன. அவள் சந்தோஷமாக இருக்க வேண்டிய நேரம் அது. ஆனால் நான் ஒரு விமானப் பெட்டிக்குக் காகிதம் சுற்றத் தொடங்கினால் அங்கே அவள் கை நின்றுவிடும்.

"அது யாருக்காம்?"

"கேக்கல அண்ணி."

"கேட்டா என்ன? வாயிலயும் பசைக்காகிதம் ஒட்டிக்கிட்டியா?" என்று எரிந்து விழுவாள். கொஞ்ச நேரத்தில் அவளே எழுந்து வந்து, என் தோளுக்கு மேலாக எட்டி, பெட்டியைத் தடவிப் பார்த்துவிட்டுப் போவாள்.

வாங்கிப் போனவர்களில் சிலர், விமானம் நிற்கவில்லை என்று போன் செய்தார்கள். முதலாளி ஒரே பதிலைத்தான் சொன்னார்: "எங்க ஜன்னல்ல நல்லா நிக்குதே! படத்தைப் பாத்து ஒழுங்காக் கட்டச் சொல்லுங்க." ஒவ்வொரு தடவை அவர் அதைச் சொல்லும்போதும் அண்ணி ஜன்னலைத் துடைக்கப் போய்விடுவாள். அந்தக் கண்ணாடி அவ்வளவு சுத்தமாக அதற்கு முன் இருந்ததில்லை.

ஒருநாள் முற்பகலில் ஒருவர் துணி அலசும் பிளாஸ்டிக் பேசினைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தார். கூடவே அவர் மகள். பேசினுக்குள் ஒரு துண்டு விரித்து, அதன்மேல் விமானம். அதன் மூக்கில் ஒரு பழைய பூட்டை நூலால் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள்.

"இந்தப் பூட்டைக் கழட்டு, கடைக்காரங்க சிரிப்பாங்கன்னு சொன்னா கேக்க மாட்டேங்குறா" என்றார் அப்பா, கூச்சத்தோடு. "ஒண்ணுமில்லைங்க, எங்கேயோ தப்பாக் கட்டிட்டா. கடை ஜன்னல்ல இருக்கறது நிக்குதுல்ல, அப்ப தப்பு உன்கிட்டதான்னு இவகிட்ட சொன்னேன். அழுதுக்கிட்டே திரும்பத் திரும்பப் பிரிச்சுக் கட்டறா. சாப்பிட வர மாட்டேங்குறா."

முதலாளி குனிந்து அந்தப் பெண்ணைப் பார்த்தார். "படத்தை நல்லாப் பாத்தியா பாப்பா?"

"பாத்தேன்."

"எல்லாப் பக்கமும்?"

"எல்லாப் பக்கமும்" என்றாள் அவள். சொல்லும்போதே பார்வை ஜன்னலில் நின்ற விமானத்துக்குப் போனது. அவளுக்கே அவள்மேல் நம்பிக்கை போய்விட்டது தெரிந்தது.

அண்ணி எழுந்து வந்தாள். யாரையும் பார்க்காமல் பேசினுக்குள் தலையை விட்டு, மோட்டாரைப் போட்டு, அந்த விமானத்தின் இறக்கையில் காதை வைத்தாள். டக் டக் டக். எனக்கே கேட்டது.

"நீ போய் உன் வேலையப் பாரு. நான் பேசிக்கறேன்" என்றார் முதலாளி.

அண்ணி போனாள். ஜன்னலுக்குத்தான் போனாள். ஓடிக்கொண்டிருந்த விமானத்தை நிறுத்தி, இரண்டு கையாலும் ஏந்திக் கொண்டுவந்து என் மேசைமேல், காகிதச் சுருள்களுக்கு நடுவில் வைத்தாள். மூக்கின் மேல்கட்டையைக் கழற்றினாள். படகின் கனக்கட்டை உள்ளே இருந்தது. அதை வெளியே எடுத்ததும், அத்தனை நாள் நிமிர்ந்து நின்ற விமானம் வாலில் உட்கார்ந்தது.

"பாப்பா, நீ சரியாத்தான் கட்டியிருக்கே. நான்தான் தப்பாக் கட்டினேன்" என்றாள்.

அந்தப் பெண் கனக்கட்டையைப் பார்த்தாள். தன் விமானத்தைப் பார்த்தாள். "நீங்களும் பூட்டு வச்சிருக்கீங்க!" என்றாள்.

அவள் அப்பா சிரித்துவிட்டார். முதலாளி சிரிக்கவில்லை. அவர்கள் போகும்வரை காத்திருந்தார். போகும்போது அண்ணி அந்தப் பெண்ணின் கையில் கனக்கட்டையைக் கொடுத்தனுப்பியதையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

"என்ன சொன்னேன் நான்? ஜன்னல்ல இருக்கறது பெட்டிக்குள்ள இருக்கணும்னு சொன்னேனா இல்லையா?"

"சொன்னீங்க சார்."

"வாங்கிட்டுப் போன அத்தனை பேரும் வந்து நின்னா நான் என்ன பதில் சொல்றது?"

"உள்ளதைச் சொல்லிடலாம் சார்."

"ஓகோ. அப்ப நீயே சொல்லு" என்று கடையின் கோடியில் இருந்த கவுண்டரைக் காட்டினார். குறையோடு திரும்பி வரும் பொம்மைகளை வாங்கும் இடம் அது. யாரும் அங்கே ஒரு மாதத்துக்கு மேல் தங்குவதில்லை. வசவு வாங்கியே ஓடிவிடுவார்கள்.

வீட்டுக்கு வந்ததும் அண்ணன் அவள் முகத்தைப் பார்த்தே கேட்டான். "மேசை போச்சா?"

"போச்சு."

அவன் ஏதோ கிண்டல் செய்ய வாயெடுத்தான், பிறகு வேண்டாம் என்று தண்ணீர் எடுக்கப் போனான். அண்ணி உட்கார்ந்தாள், எழுந்தாள், ஃபிரிட்ஜின் முதுகில் காதை வைத்துக்கொண்டு நின்றாள்.

"நல்லாத்தானே ஓடுது?" என்றேன்.

"நல்லாத்தான் ஓடுது" என்றாள். ஆனாலும் காதை எடுக்கவில்லை.

இப்போதும் அண்ணி திரும்பி வரும் பொம்மைகளின் கவுண்டரில்தான் இருக்கிறாள். விமானத்தோடு வருகிறவர்களிடம் முதலில் "நீங்க சரியாத்தான் கட்டியிருக்கீங்க" என்பாள், பிறகுதான் குறையைச் சொல்வாள். ஜன்னலில் விமானம் படத்தில் உள்ளபடியே, வாலில் உட்கார்ந்திருக்கிறது. முன்மேசைக்கு முதலாளி இன்னும் யாரையும் போடவில்லை. அண்ணியும் கேட்கவில்லை. சாப்பாட்டு நேரத்தில் மட்டும் அந்தப் பக்கமாகச் சுற்றிக்கொண்டு போகிறாள்.