ஜீப்புக்குத் தண்ணீர்

போன ஞாயிற்றுக்கிழமை காலையில் துருப்பிடித்த வெந்நீரும் சூடான ரப்பரும் கலந்த ஒரு வாசனை எங்கள் குடியிருப்பின் முதல் மாடிக்கு ஏறி வந்தது. திருநின்றவூரில் மகன் வீட்டில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். கீரையை அப்படியே போட்டுவிட்டு பால்கனிக்குப் போய் எட்டிப் பார்த்தேன். எதிர்வீட்டுப் பையன் எங்கிருந்தோ ஒரு பழைய ஜீப்பை வாங்கி வந்து லீவு நாளெல்லாம் அதைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருக்கிறான். அன்றைக்கு ரேடியேட்டரைக் கழற்றிக்கொண்டிருந்தான். "லீக் ஆவுது பாட்டி, அதான் மாத்தறேன்" என்றான். எனக்கும் ரேடியேட்டர் தெரியும் என்று சொன்னால் சிரிப்பான். ஆனால் நிஜமாகவே தெரியும். ஊசி போடுவதற்கு அடுத்தபடியாக நான் உத்தியோகத்தில் கற்றுக்கொண்டது அதைத்தான்.

அறுபதுகளின் கடைசி அது. பிரசவம் பார்க்கப் பயிற்சி முடித்து, பூந்தமல்லி பக்கத்தில் ஒரு சுகாதார நிலையத்தில் எனக்கு வேலை கிடைத்திருந்தது. கொரட்டூரிலிருந்து இரண்டு பஸ் மாறிப் போக வேண்டும். மழைக்காலத்தில் ஏரி நிரம்பிவிட்டால் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டுதான் பஸ் ஏறுவேன். வெள்ளைப் புடவையைப் பார்த்ததும் எல்லோரும் எழுந்து நிற்பார்கள் என்று அம்மா சொல்லியிருந்தாள். எழுந்து நிற்கத்தான் செய்தார்கள், ஆனால் அது புடவைக்கு. உள்ளே இருந்தவள் முப்பத்தெட்டு கிலோ, இருபத்தொரு வயது, அதுவரை தனியாக ஒரே ஒரு பிரசவம் பார்த்தவள். அந்த ஒன்றிலும் குழந்தை நான் கை கழுவி முடிப்பதற்குள் தானாக வந்துவிட்டது.

அங்கேதான் அந்த ஜீப் இருந்தது. ஏதோ வெளிநாட்டிலிருந்து தானமாக வந்த வண்டி. ஸ்டீயரிங் இடதுபக்கம் இருக்கும். நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்கும் என்பதால் ஏரிக்கரைச் சேற்றில் மாட்டு வண்டி திணறும் இடத்திலும் அது ஏறிப்போய்விடும். டிரைவர் தேசிங்கு ஆவடிக்காரர். அந்த வண்டியைப் பற்றி யாராவது குறை சொன்னால் அன்று முழுக்க அவர்களோடு பேசமாட்டார். வண்டிக்குக் குறை ஒன்றே ஒன்றுதான், ரேடியேட்டர் ஒழுகும். ஆறேழு மைல் போவதற்குள் முன்பக்கத்திலிருந்து ஆவி கிளம்பிவிடும். "வண்டிக்கு ஜொரம் வந்துகீது நர்ஸம்மா, எறங்கு" என்பார். ஒழுகலை அடைக்க உள்ளே மஞ்சள்தூள் போடுவார், வெளியே விரிசலில் பார் சோப்பைத் தேய்ப்பார். நான் கை கழுவ வைத்திருக்கும் சோப்பு வாரத்துக்கு வாரம் எப்படித் தேய்கிறது என்று எனக்கு ரொம்ப நாள் புரியவில்லை. கேட்டபோது, "நீ கை கய்வுனா ஒரு ஆளுக்கு நல்லது. வண்டி ஓடினா ஊருக்கே நல்லது" என்றார்.

செவ்வாயும் வெள்ளியும் கிராமங்களுக்குப் போவோம். பாரிவாக்கம் வரும்போது வண்டிக்குச் சரியாகத் தாகம் எடுக்கும். வழியில் எந்த வீட்டில் தண்ணீர் தயாராக இருக்கிறதோ அவர்கள் சாலையோரம் வந்து குடத்தைத் தலைக்கு மேலே தூக்கிக் காட்ட வேண்டும். குடம் தெரிந்தால் தேசிங்கு நிறுத்துவார், தெரியாவிட்டால் அடுத்த கிணறுவரை உருட்டிக்கொண்டு போய்விடுவார். இது யாரும் உட்கார்ந்து பேசி வைத்த ஏற்பாடு இல்லை, தானாக வந்தது. பாரிவாக்கத்தில் எப்போதும் குடத்தைத் தூக்கியவள் கன்னியம்மா. கிணற்றை ஒட்டி அவர்கள் குடிசை. அவள் மாமனார் காலம்வரை அடுத்தவர் நிலத்தில் கூலி வேலை. புருஷன்தான் முதல் ஆளாக அம்பத்தூரில் கம்பெனி வேலைக்குப் போய்க்கொண்டிருந்தான்.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். எங்களுடையது கொரட்டூரில் நிலபுலம் வைத்திருந்த குடும்பம். கன்னியம்மா வீட்டுத் தண்ணீரை ஜீப் முதல் நாளே குடித்துவிட்டது. நான் குடிக்க ஒரு மாதம் ஆயிற்று. அந்த ஒரு மாதமும் அவள் எனக்கென்று ஒரு டம்ளரைத் தனியாகத் தேய்த்துக் கொண்டுவந்து நீட்டினாள், நான் தாகம் இல்லை என்றேன். அதை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

இஞ்சின் சூடு தணிய அரைமணி நேரம் ஆகும். அதற்குள் பெண்கள் ஜீப்பைச் சுற்றி வந்துவிடுவார்கள். புண்ணோடு வரும் குழந்தை, காய்ச்சல், நாள் தள்ளிப்போனது என்று எல்லாம் அங்கேதான் சொல்லப்படும். சுகாதார நிலையத்துக்கு வா வா என்று கூப்பிட்டும் வராதவர்கள், வண்டி ஒழுகியதால் என்னிடம் வந்தார்கள். கன்னியம்மாவுக்கு வீட்டிலேயே பிரசவமாகி இரண்டு குழந்தைகள் தங்கவில்லை என்ற விஷயமும் எனக்கு அப்படித்தான் தெரிந்தது. அப்போது அவள் மூன்றாவதாக ஐந்து மாதம். அவள் தானாகச் சொல்லவில்லை. மாமியார்தான் என் கையைப் பிடித்துக்கொண்டு, "இதையாவது காப்பாத்திக் குடு தாயீ" என்றாள்.

இருபத்தொரு வயதில் வாக்குக் கொடுப்பது சுலபம். இந்தத் தடவை ஆஸ்பத்திரியில்தான் என்று உறுதியாகச் சொன்னேன். மற்ற நாளில் வலி கண்டால் பக்கத்துத் தெரு மாட்டு வண்டி, செவ்வாய் வெள்ளி என்றால் எங்கள் ஜீப். "நாங்கதான் எப்படியும் இங்க நிப்போமே, ஏத்திக்கிட்டுப் போயிடறேன்" என்றேன். கன்னியம்மா கொஞ்சம் சிரித்தாள். அவள் சிரித்து நான் பார்த்தது குறைவு.

மாசி மாதத்தில் ரேடியேட்டர் வந்து சேர்ந்தது. ஆவடிப் பக்கம் மிலிட்டரி ஏலத்தில் எடுத்த சாமான்களை விற்கும் கடையில் தேசிங்கு கண்டுபிடித்தார். ஒரு வியாழக்கிழமை வேப்பமரத்தடியில் பானெட்டைத் தூக்கி நிறுத்தி, மேல் குழாயையும் கீழ் குழாயையும் கழற்றி, பழையதை இறக்கினார். டீ டிகாஷன் நிறத்தில் தண்ணீர் கொட்டியது, அதன் பின்னால் வருஷக்கணக்கில் போட்ட மஞ்சள் கட்டி கட்டியாக வந்தது. "இத்தினி மஞ்சள்ல ஒரு கல்யாணமே பண்ணிருக்கலாம்" என்று எங்கள் நிலையத்து டாக்டர்கூடச் சிரித்தார். புதியதை நான் ஒரு பக்கம் தாங்கிப் பிடிக்க, அவர் நாலு போல்ட்டையும் முடுக்கினார். என் வெள்ளைப் புடவை பாழாயிற்று. சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து, கற்பூரம் காட்டி, ஒரு சுற்று ஓட்டிக் காட்டினார். ஒரு சொட்டு ஒழுகவில்லை. "இனிமே எவங்கிட்டயும் கொடம் ஏந்தத் தேவயில்ல" என்றார். அவ்வளவு சந்தோஷமாக அவரை நான் பார்த்ததில்லை.

மறுநாள் வெள்ளி. காலை ஒன்பதரை இருக்கும். பாரிவாக்கம் திருப்பத்தில் கன்னியம்மாவின் மாமியார் சாலையோரமாக நின்று குடத்தைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்திருந்தாள். கன்னியம்மாவுக்கு மாதம் ஆகிவிட்டது, அதனால் மாமியார் தண்ணீர் கொண்டுவந்திருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். ஆமாம், மாதம் ஆகிவிட்டது என்று நினைத்தேன். அதற்கு மேலே என் புத்தி போகவில்லை.

தேசிங்கு வேகத்தைக் குறைத்தார். "நிறுத்தட்டா நர்ஸம்மா?"

"வேணாண்ணே, போலாம். இன்னிக்காவது நேரத்துக்குப் போய்ச் சேருவோம்."

அவர் தலையை வெளியே நீட்டி, "தண்ணி வாணாம் ஆயா! புச்சு மாட்டிக்கினோம்!" என்று கத்தினார். நானும் சிரித்துக்கொண்டே கையை ஆட்டினேன். கிழவி குடத்தை இறக்காமல் கொஞ்ச தூரம் பின்னாலேயே ஓடிவந்தாள். தண்ணீர் அவள் தோளெல்லாம் சிந்தியது. பாவம், எவ்வளவு ஆசை என்று நினைத்தேன். சாயங்காலம் திரும்பும்போது, புது ரேடியேட்டர் தாங்குகிறதா பார்க்கலாம் என்று தேசிங்கு பாரிவாக்கம் பக்கம் வராமல் ஆவடி வழியாகச் சுற்றிக்கொண்டு வந்தார். எனக்கும் அது உல்லாசமாகத்தான் இருந்தது.

செவ்வாய்க்கிழமை அங்கே நிறுத்தினோம். புதியதைப் பெருமையாகக் காட்ட வேண்டும் என்று தேசிங்கே நிறுத்தினார். யாரும் வரவில்லை. கிணற்றடியில் மாமியார் மட்டும் உட்கார்ந்திருந்தாள்.

"அன்னிக்கு விடியறப்பவே வலி கண்டுகிச்சி நர்ஸம்மா. மாட்டு வண்டிக்காரன் வந்து நின்னான். நாந்தான் வாணாம்னு அனுப்பிட்டேன். இன்னிக்கு ஜீப்பு வர்ற நாளாச்சே, நர்ஸம்மாவும் கூட இருக்குமேன்னு." அவள் என்னைப் பார்க்காமலே பேசினாள். "கொடத்த தூக்கினா நிப்பீங்கன்னு நெனச்சேன். எப்பவும் நிப்பீங்களே."

அனுப்பிவிட்ட வண்டிக்காரன் வேறு பாரம் ஏற்றிக்கொண்டு போய்விட்டான். இன்னொரு வண்டி பிடித்து வர உச்சி வெயில் ஆகிவிட்டது. பூந்தமல்லிக்கு முன்னாலேயே, வழியில், வண்டியிலேயே பிறந்துவிட்டது. பெண் குழந்தை. கழுத்தில் கொடி சுற்றியிருந்தது, அழவில்லை. ஜீப்பில் வந்திருந்தாலும் பிழைத்திருக்கும் என்று சொல்ல முடியாது என்று டாக்டர் சொன்னார். எனக்கு ஆறுதலுக்காகச் சொன்னார். அதன் பிறகு முப்பது வருஷம் பிரசவம் பார்த்தவள் நான். கொடி சுற்றிய குழந்தைகளை இந்தக் கையால் எடுத்து அழவைத்திருக்கிறேன். ஒவ்வொன்று அழும்போதும் எனக்கு அந்தக் குழந்தையின் ஞாபகம்தான் வரும்.

அந்தச் செவ்வாய்க்கிழமை குடிசைக்குள் போனேன். கன்னியம்மா சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். பால் கட்டி நெஞ்செல்லாம் நனைந்திருந்தது. சத்தம் கேட்டுத் திரும்பி, "வண்டி நல்லாயிடிச்சாமே நர்ஸம்மா?" என்றாள். குரலில் கோபமே இல்லை. நிஜமாகவே விசாரித்தாள். நான் தலையை ஆட்டினேன். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று தெரிந்தது. செய்ய வேண்டியதைச் செய்துவிட்டு, நெஞ்சில் துணியைக் கட்டிவிட்டு, எழுந்து வந்துவிட்டேன்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு தடவையும் தேசிங்கு அங்கே நிறுத்தினார். வேலையே இல்லாமல் பானெட்டைத் தூக்கி வைத்துக்கொண்டு அரைமணி நேரம் நிற்பார். தூரத்து வீட்டுப் பெண்கள் சிலர் வந்தார்கள், அந்த வீட்டிலிருந்து யாரும் வரவில்லை. ஒரு நாள் என்னைப் பார்க்காமல், "ஒழுவினே இருந்திருக்கலாம் நர்ஸம்மா" என்றார். வண்டியைப் பற்றி அவர் அதற்குப் பிறகு ஒருபோதும் பெருமை பேசவில்லை.

வருஷம் திரும்புவதற்குள் கன்னியம்மாவின் புருஷன் அம்பத்தூரிலேயே வீடு பார்த்துக்கொண்டு எல்லோரையும் அழைத்துப் போய்விட்டான். அவளுக்குப் பிறகு குழந்தை பிறந்ததா, தெரியாது. அம்பத்தூரில் பஸ் மாறும்போதெல்லாம் இடுப்பில் பிள்ளையோடு நிற்கும் பெண்களின் முகத்தை உற்று உற்றுப் பார்ப்பேன். சிலர் முறைத்திருக்கிறார்கள்.

போன மாதம் மகன் காரில் பூந்தமல்லிக்குப் போனோம். பாரிவாக்கம் தாண்டும்போது கொஞ்சம் நிறுத்தச் சொன்னேன். "இங்கல்லாம் நிறுத்த முடியாதும்மா, பின்னாடி வண்டிங்க வருது" என்றான். எங்கே நிறுத்தச் சொல்கிறேன் என்று எனக்கும் தெரியவில்லை. கிணறு எந்தப் பக்கம், குடிசை எந்தப் பக்கம், திருப்பம் எது, ஒன்றும் பிடிபடவில்லை. இரண்டு பக்கமும் ஒரே மாதிரி அடுக்குமாடிகள். அந்தக் குழந்தை இருந்திருந்தால் இப்போது ஐம்பது வயது தாண்டியிருக்கும், அந்த மாடிகளில் ஏதோ ஒன்றில் என்னைப் போல உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருக்கும் என்று எண்ணிக்கொண்டே வந்தேன். அதற்குப் பெயர்கூட வைக்கவில்லை.