பழசின் மேல் ஊற்றிய சூப்

இரண்டு கைகளும் நீளக் கரண்டியைப் பிடித்துச் சுற்றிக்கொண்டிருந்தன. ஐஸ் மிதக்கும் பிளாஸ்டிக் தொட்டிக்குள் அண்டா, அண்டாவுக்குள் தக்காளி சூப். கை நின்றால் ஓரம் மட்டும் ஆறும், நடுவில் சூடு அப்படியே கிடக்கும். அதனால் கை நிற்காது. அவ்வப்போது வலது கை மட்டும் விலகி, புறங்கையை அண்டாவின் வயிற்றில் வைத்துப் பார்த்துவிட்டுத் திரும்பும். இன்று வழக்கத்தைவிட வேகமாகவே சுற்றின. அவ்வளவு கோபம்.

தெருவில் அவளுக்குச் சூப்பக்கா என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயரைக் கேட்டால் புருஷனே கொஞ்சம் யோசித்துத்தான் சொல்வார். முன்பு ஓர் ஆஸ்பத்திரி கேன்டீனில் பாத்திரம் கழுவினாள். நோயாளிகளுக்குப் போகும் சூப் அடிக்கடி புளித்துத் திரும்பி வரும். ஏன் என்று யாரும் கேட்கவில்லை, நாற்றம் கழுவுகிறவளுக்குத்தானே. எந்தப் பாத்திரம் திரும்பி வருகிறது என்று அவளாகவே பார்த்துக்கொண்டு வந்தாள். சூட்டோடு மூடியதுதான் வந்தது. ஆறவைத்து மூடியது ஒருநாளும் வரவில்லை.

இப்போது வீட்டின் பின்னறையில் அவளுடைய அடுப்பு. தக்காளி, கோழி, காளான் என்று மூன்று வகை சூப் வாளி வாளியாக ஒரு ஹோட்டலுக்குப் போகிறது. அங்கே குளிர்பெட்டியில் அடுக்கிவைத்து, வேண்டியபோது சுடவைத்துக்கொள்வார்கள். தலைமைச் சமையல்காரன் அவளுடைய தம்பி. இந்த வேலையை வாங்கிக் கொடுத்தவனும் அவன்தான். அதை அவன் மறந்ததும் இல்லை, அவளை மறக்கவிட்டதும் இல்லை.

வாளிகளை மொபெட்டில் கொண்டுபோகிற புருஷன் நேற்றுக் காலி வாளிகளோடு அந்தச் செய்தியையும் கொண்டுவந்தார்.

"உன் தம்பி முதலாளிகிட்ட சொல்லியிருக்கான். நீ சூடு ஆறாம மூடிட்டியாம். சூப் புளிச்சுப்போச்சாம். இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா பாக்கெட் பவுடர் வாங்கிக்கிறேன்னு முதலாளி சொல்லிட்டார்."

"என்ன சொன்னான்? இன்னொரு தடவை சொல்லுங்க."

"சூடு ஆறாம..."

"போதும்."

உப்புக் கரித்தது, மிளகு தூக்கலாக இருந்தது என்று சொல்லியிருந்தால் பொறுத்திருப்பாள். சூட்டோடு மூடினாள் என்று, அதுவும் கூடப் பிறந்தவன் வாயால்.

"இந்த வேகத்துல கிண்டினா அண்டா ஓட்டையாயிடும்" என்றார் புருஷன்.

"வாயை மூடிட்டு அந்த வாளியைக் கழுவுங்க."

"சூட்டோட மூடவா, ஆறவெச்சு மூடவா?"

அவள் சிரிக்கவில்லை. அவர் வாளியைக் கழுவினார். புறங்கையில் சூடு தட்டாத பிறகு சூப்பை வாளியில் ஊற்றி, ஓரத்தைத் துடைத்து, மூடியை அழுத்தினாள்.

"இன்னிக்கு நானும் வர்றேன்."

ஹோட்டலின் பின்வாசல் வழியாக வாளியோடு நுழைந்தாள். தம்பி வெங்காயம் வதக்கிக்கொண்டிருந்தான்.

"என்னக்கா, நீயே வந்துட்டே? மாமா எங்க?"

"வெளிய நிக்கிறாரு. நேத்து எந்த சூப்டா புளிச்சுது?"

பதிலுக்குக் காத்திராமல் பரிமாறும் ஜன்னலோரம் போனாள். அங்கே வெந்நீர்த் தொட்டியில் சூப் பானை சுடச்சுட நின்றது. வாளியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு பானையின் மூடியைத் தூக்கினாள். பானையின் உள்சுவரில் கோடு கோடாகப் படிந்திருந்தது. மேலே சிவப்பு, அதன் கீழே பழுப்பு, அதற்கும் கீழே கறுப்பு.

"இதை எப்போடா கழுவினே?"

"தினமும்தான்."

"டேய்."

அவன் அடுப்பைத் தணித்தான். குளிர்பெட்டியில், நேற்று வந்த, இந்தப் பானையிலும் ஊற்றிய அதே தக்காளி சூப்பில் ஒரு வாளி திறக்காமல் இருந்தது. அதை அவனைத் திறக்கச் சொல்லி, ஒரு கரண்டி எடுத்து நீட்டினாள்.

"குடி."

"நல்லாத்தான் இருக்கு."

"இப்போ பானையில இருக்கிறது."

அதை வாயில் வைத்தவன் விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் நின்றான்.

"துப்பித் தொலை. உனக்கு ஏதாவது ஆச்சுன்னா அம்மாவுக்கு யார் பதில் சொல்றது?"

துப்பிவிட்டு வாய் துடைத்தான். "மீந்ததைக் கொட்டினா முதலாளி கத்துறார்க்கா. அதனால மறுநாள் அதும் மேலயே புதுசை ஊத்திடுவேன். கலந்துடும்னு நெனச்சேன்."

"கலந்துடும்டா. மொத்தமும் பழசாயிடும். சரி, பயந்தே. வாயை மூடிட்டு இருந்திருக்கலாமே? என் கைமேல ஏண்டா பழியைப் போட்டே?"

"நீ அக்காதானே, பொறுத்துக்குவேன்னு..."

அவன் உடைத்த கண்ணாடிக்கும், அவன் தொலைத்த சாவிக்கும் சின்ன வயதில் அடி வாங்கியவள் அவள். அன்றும் இதே சொல்லைத்தான் சொன்னான்.

"அக்காதான். உன் கால்மிதி இல்ல."

சத்தம் கேட்டு முதலாளி வந்தார். "என்னம்மா இது? சாப்பிடறவங்க காதுல விழுது."

"விழட்டும் சார். இவன் உங்ககிட்ட ஒண்ணு சொல்லணுமாம்."

காய் நறுக்குகிறவரின் கத்தி நின்றது. தம்பி தரையைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். அவள் கண்ணை எடுக்கவில்லை.

"அக்கா சரியாத்தான் ஆறவெச்சாங்க சார். நான்தான் பழசு மேல ஊத்தினேன்."

"பின்னே? கொட்டுறதுக்கா கடை நடத்துறேன்?" என்றார் முதலாளி.

"கொட்ட மனசில்லைன்னா கொஞ்சங்கொஞ்சமா சுடவைக்கச் சொல்லுங்க. மிச்சம் வாளியிலயே குளிர்ல கிடக்கட்டும், கெடாது. இந்தப் பானைமேல என் சூப்பை ஊத்த விடமாட்டேன். இல்லைன்னா இப்படியே திரும்பிப் போறேன். பவுடரே வாங்கிக் கரைச்சுக்கோங்க."

சொல்லிவிட்டாள். போனால் போனதுதான், இவ்வளவு வாங்கும் வேறு ஹோட்டல் அவளுக்கு இல்லை. வாளியைக் கீழே வைக்காமல் நின்றாள்.

ஜன்னலுக்கு அப்பாலிருந்து குரல் வந்தது: "தக்காளி சூப் ரெண்டு! சீக்கிரம்!"

முதலாளி பானையைப் பார்த்தார், வாளியைப் பார்த்தார். "கொட்டித் தொலைடா" என்று சொல்லிவிட்டு முன்பக்கம் போனார்.

தம்பி பானையைத் தூக்கிக் கழுவுதொட்டியில் கவிழ்த்தான். கம்பி நாரால் தேய்த்துக் கொண்டுவந்து காட்டினான். அவள் உள்ளே விரலைவிட்டு ஒரு சுற்றுச் சுற்றினாள்.

"ஓரத்துல இன்னும் இருக்கு."

மறுபடி தேய்த்தான். இந்த முறை விரலில் எதுவும் ஒட்டவில்லை. வாளியை நீட்டினாள். வாளி கனம், அவன் ஒரு கையை நீட்டினான்.

"ரெண்டு கையாலயும் பிடி."

பிடித்தான். அவன் பிடி இறுகியதைப் பார்த்த பிறகே அவள் கையை விட்டாள்.