மேட்டில் அணைத்த எஞ்சின்

நேற்று இங்கே ஃப்ரீமான்ட்டில், மௌரி அவென்யூ சிக்னலில் பக்கத்துப் பழைய கார் ஒன்று உதறிக்கொண்டு நின்றது. சரியாக எரியாத பெட்ரோலின் வாசனை ஜன்னல் இடுக்கில் நுழைந்தது. பச்சை விழுந்தும் நான் நகரவில்லை. பின்னாலிருந்தவர் ஹார்ன் அடித்தார். இந்த ஊரில் ஒருவரை ஹார்ன் அடிக்க வைக்க எவ்வளவு நேரம் நின்றிருக்க வேண்டும், நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

அந்த வாசனை தொண்ணூற்றொன்பதில், ஆல்டமான்ட் மலைச்சாலை மேட்டில் எனக்கு அறிமுகமானது. மேட்டுக்கு அந்தப் பக்கம், டிரேசியில் நண்பர் வீட்டு விருந்துக்குப் போன இடத்தில் ஒன்றரை வயது மகளுக்குக் காய்ச்சல் கண்டது. முந்தைய மாதம்தான் காய்ச்சலில் வலிப்பு வந்திருந்தது. பாதிச் சாப்பாட்டில் எழுந்து, ஃப்ரீமான்ட்டில் எங்கள் டாக்டரிடம் கிளம்பினோம். மனைவி பின்சீட்டில், குழந்தையின் பக்கத்தில். மேடு ஏறும்போது கார் உதற ஆரம்பித்தது.

"ஏங்க, என்னாச்சு?"

"ஒரு சிலிண்டர் எரியல போல. நாலுல மூணுதான் ஓடுது."

"அப்புறம் எதுக்கு நாலு வெச்சிருக்கான்?"

நான் கோவையில் மெக்கானிக்கல் படித்தவன்; இங்கே பிழைத்தது கம்ப்யூட்டரில். பானெட்டைத் திறந்ததெல்லாம் வைப்பருக்குத் தண்ணீர் ஊற்றத்தான். பயம் வந்தால் எனக்கு வாய் நிற்காது. காற்றை இழுப்பது, அழுத்துவது, வெடிப்பது, புகையை வெளியே தள்ளுவது என்று ஒரு சிலிண்டருக்கு நாலு வேலை. வெடிக்கும்போது மட்டும்தான் வண்டிக்கு உந்துதல். ஒரே சிலிண்டர் என்றால் மற்ற மூன்று வேலையும் மிச்சமிருக்கும் வேகத்திலேயே நடக்க வேண்டும், வண்டி குலுங்கும். நாலு இருந்தால் முறை வைத்து, எந்த நேரமும் ஏதோ ஒன்று தள்ளிக்கொண்டிருக்கும். வைவா தேர்வில் நிற்பவனைப் போல ஒப்பித்தேன்.

"பாடத்தை வீட்ல நடத்துங்க. ரோட்டைப் பாருங்க."

லாரிகள்கூட எங்களைத் தாண்டிப் போயின. ஏசியை அணைத்தால் எஞ்சினுக்குக் கொஞ்சம் பலம் மிஞ்சும். ஆனால் குழந்தை வெந்துபோவாள். அணைத்துவிட்டு ஜன்னல்களை இறக்கினேன்; எரியாத பெட்ரோலின் வாசனை உள்ளே வந்தது. வரவேண்டிய அந்த ஒரு வெடிப்பு வராத ஒவ்வொரு முறையும் ஆக்சிலரேட்டரை இன்னும் கொஞ்சம் மிதித்தேன்.

அப்போது குழந்தையின் முனகல் நின்றது.

"தூங்கறாளா?"

கண்ணாடியில் பார்த்தேன். மனைவி அவள் மூக்கருகே காதை வைத்திருந்தாள்.

"மூச்சு தெரியலைங்க. கை வெச்சா சீட்டுதான் ஆடுது. எஞ்சினை ஆஃப் பண்ணுங்க."

ஓரங்கட்டினேன். சாவியில் கை. அணைத்தால், அந்த மேட்டில், மூன்று சிலிண்டரோடு மறுபடி கிளம்புமா? எங்களிடம் செல்போன் கிடையாது.

"திரும்ப ஸ்டார்ட் ஆகலைன்னா?"

"ஆஃப் பண்ணுங்கன்றேன்ல."

அணைத்தேன். ஒரு லாரி கடந்ததில் கார் ஆடி ஓய்ந்தது. நானும் மூச்சைப் பிடித்துக்கொண்டேன்.

"மூச்சு விடறா," என்றாள். பிறகுதான் அழுதாள்.

கார் இரண்டாம் முயற்சியில் கிளம்பி, உதறிக்கொண்டே டாக்டரிடம் கொண்டுபோய்ச் சேர்த்தது. சாதாரண வைரல் காய்ச்சல் என்றார்.

அந்தக் காரைக் கழித்துக்கட்டி வெகுகாலம் ஆகிறது. மகள் இப்போது ஆஸ்டினில் தனியாக இருக்கிறாள். வாரம் ஒருமுறை போனில் பேசுவாள். "ஐ ஆம் ஃபைன், ப்பா" என்று வைத்துவிடுவாள். குரல் கொஞ்சம் கம்மியிருந்ததோ என்று நாங்கள் இருவரும் இங்கே பேசிக்கொண்டிருப்போம். அன்று ஓரங்கட்டி எஞ்சினை அணைத்தால் போதுமாக இருந்தது. கைக்கெட்டும் தூரத்தில் அவள் மூச்சு கேட்டது.