மார்கழியில் எடுத்த படம்

உயரத்திலிருந்து பார்க்கிறவனுக்கு எல்லாம் தெரியும் என்ற நம்பிக்கையில் நடக்கிற தொழில் எங்களுடையது.

தென்காசியில் ஒரு வன அலுவலகத்தில் நான் ஒப்பந்த ஊழியை. செயற்கைக்கோள் படங்களைக் கணினியில் திறந்து, மலையில் எங்கே பசுமை கூடியிருக்கிறது, எங்கே குறைந்திருக்கிறது, எங்கே தீப்பிடிக்கலாம் என்று நிறம் தீட்டிக் கொடுக்க வேண்டும். மழையும் வெயிலும் வருகிற மாதத்தை மாற்றிக்கொண்ட பிறகு இந்த நிறங்களுக்கு மதிப்பு வந்திருக்கிறது. கண்ணால் பார்க்காத இடத்தைப் பற்றி நாற்காலியில் உட்கார்ந்து அறிக்கை எழுதுகிறவரா நீங்கள்? அப்படியானால் நாம் ஒரே சாதி.

சூடு

தரையில் எங்காவது அதிகச் சூடு தெரிந்தால் எங்கள் திரையில் சிவப்புப் புள்ளி விழும். வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம், மேலகரம் தாண்டி மலையடிவாரத்தில் ஒன்று விழுந்தது. பதறிப்போய்ச் சுடலையண்ணனிடம் சொன்னேன். அவர் தீத்தடுப்புக் காவலர். முப்பத்தைந்து வயதிருக்கும். கோடை முழுக்க மலையில்தான் இருப்பார். ஜீப்பில் நான்கு பேர் கிளம்பினோம்.

போய்ப் பார்த்தால் செங்கல் சூளை. புள்ளி சில நூறு மீட்டர் தள்ளியும் விழலாம் என்று கல்லூரியில் படித்திருக்கிறேன். ஜீப்பில் ஏறும்போது அது நினைவுக்கு வரவில்லை. சூளைக்கார அண்ணாச்சி எழுந்திருக்கக்கூட இல்லை. "போன வருசமும் இப்படித்தான் வந்து நின்னீங்க. மேல சுத்துதவன்கிட்ட இது சூளைன்னு ஒரு வார்த்தை சொல்லி வையுங்க."

சாரல்

ஆனி, ஆடியில் குற்றாலத்துக்குக் கூட்டம் வருவது சாரலுக்காக. எனக்கு அந்த மாதங்களில் வேலையே ஓடாது. மேகம் மூடியிருந்தால் படத்தில் மலை இருக்காது, வெள்ளை மட்டும் இருக்கும். ஒரு படத்திலாவது ஓட்டை கிடைக்குமா என்று நாள்கணக்கில் தேடுவேன். மார்கழியில் அபூர்வமாக மேகமே இல்லாத ஒரு படம் கிடைத்தால் அதைப் பத்திரப்படுத்தி, வருடம் முழுவதற்கும் அதையே வைத்துச் சமாளிப்பது என் வழக்கமாகிவிட்டது.

சீசன் தள்ளிப்போன ஒரு வருடம் கடைக்காரர்கள் வானத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். கடைசியில் ஒரு நாள் சாரல் விழுந்தது. அலுவலகமே ஜன்னலுக்கு ஓடியது. நான் மட்டும் "போச்சு" என்றேன். பக்கத்து மேசை லட்சுமியக்கா, தட்டச்சர், திரும்பிப் பார்த்தார். "ஏட்டி, வெளிய போய் இதச் சொல்லிராத. பஜ்ஜிக் கடைக்காரன் எண்ணெயோட வருவான்."

பச்சை

இனி வருவதுதான் நான் செய்த காரியம். குற்றாலத்துக்கு வடக்கே ஒரு சரிவு, இரண்டு வருடம் முன்பு எரிந்தது. அதற்கு மேலே பெரிய மரக்காடு தொடங்குகிறது. சரிவில் பிடிக்கிற தீ மேலே ஏறிவிடக் கூடாது என்று கோடையில் சுடலையண்ணனும் இன்னும் மூன்று பேரும் அங்கே கொட்டகை போட்டுத் தங்குவார்கள். இந்தத் தை மாதம், மார்கழிப் படத்தை வைத்து நான் கொடுத்த வரைபடத்தில் அந்தச் சரிவு அடர்பச்சையாக இருந்தது. 'காடு மீண்டுவிட்டது' என்று எழுதினேன். ரேஞ்சர் கையெழுத்துப் போட்டு மேலிடத்துக்கு அனுப்பினார். மீண்ட இடத்துக்குக் காவல் எதற்கு, கொட்டகையை வேறு சரிவுக்கு மாற்றலாம் என்று பேச்சு எழுந்தது.

சுடலையண்ணன் என் திரைக்கு முன்னால் வந்து கையைக் கட்டிக்கொண்டு நின்றார். "பச்சையா இருக்கதெல்லாம் காடுன்னா எங்க வீட்டுக் கதவும் காடுதாம் மேடம். பொங்கலுக்குத்தான் பெயிண்டு அடிச்சேன்."

சரிவு

மறுநாள் அவரோடு ஏறிப் போனேன். அங்கே மரம் எதுவும் மீண்டிருக்கவில்லை. என் தலைக்கு மேல் உண்ணிச்செடி புதராக மண்டிக் கிடந்தது. மழை முடிந்த கையோடு தளதளவென்று இருந்ததைத்தான் செயற்கைக்கோள் பார்த்திருக்கிறது. அவர் ஒரு புதரை அரிவாளால் விலக்கிக் காட்டினார். உள்ளே போன வருடத்துக் குச்சிகள் காய்ந்து அடுக்கடுக்காக இருந்தன.

அலுவலகம் திரும்பி, போன வருட மாசிப் படத்தைத் திறந்தேன். மூலையில் கொஞ்சம் மேகம் இருந்ததால் நான் ஒதுக்கிவைத்த படம். அதில் மேலே உள்ள மரக்காடு பச்சையாகவே இருந்தது, சரிவு மட்டும் பழுப்பு. அதற்கு முந்தைய மார்கழிப் படத்தில் அந்தச் சரிவும் பச்சைதான், இரண்டே மாதத்தில் காய்ந்திருக்கிறது. இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருந்தால் தை மாதமே தெரிந்திருக்கும். என் ஒப்பந்தம் பங்குனியோடு முடிகிறது. நீட்டிப்பதா என்று முடிவு செய்கிறவர் ரேஞ்சர். லட்சுமியக்காவிடம் சொன்னேன். அவர் தட்டச்சை நிறுத்திவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "போன லெட்டரத் திருப்பிக் கூப்பிட்டா, தப்பு என்னன்னு கேக்க மாட்டாவ. கையெழுத்து யாருதுன்னுதான் முதல்ல கேப்பாவ."

ரேஞ்சர் அறை

வகுப்பில் வருகைப் பதிவுக்கே சத்தம் வராதவள் நான். ரேஞ்சர் அறைக்குள் போய், மடிக்கணினியை அவர் மேசையில் வைத்து, இரண்டு படங்களையும் திறந்தேன். "இது மார்கழி சார். இது மாசி" என்று மட்டும் விரலால் காட்டினேன். இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். "அப்ப இது காடு இல்ல?" என்றார். "விறகு சார்" என்றேன். "கொட்டகையை எடுத்திருந்தா?" என்றார்.

போனை எடுத்து, கொட்டகை இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும் என்று யாருக்கோ சொன்னார். உண்ணிச்செடி வெட்ட எத்தனை ஆள் வேண்டும் என்று சுடலையண்ணனிடம் கேட்கச் சொன்னார். பிறகு என் பக்கம் திரும்பினார். நான் ஒப்பந்தத்தைப் பற்றித்தான் ஏதோ சொல்லப்போகிறார் என்று நின்றேன். "புது மேப் போடும்மா. 'திருத்தம்'னு மட்டும் தலைப்புல எழுதிராத. 'இரண்டாம் கட்ட விரிவான ஆய்வு'ன்னு எழுது."

ஒப்பந்தம் ஒரு வருடம் நீண்டது, இந்த வேலையில் நான் செய்த மிகப் பெரிய தவறு என் மிகக் கவனமான ஆய்வாகக் கோப்பில் இருக்கிறது.