வர்றேனுங்க

இதை எழுத உட்காரும்போது என் நினைவின் மீதே எனக்கு முழு நம்பிக்கை இல்லை. அன்று மூடுபனி முதலில் வந்ததா, குரல் முதலில் வந்ததா? அந்த அறையின் கதவு உள்பக்கம் திறப்பதா, வெளிப்பக்கமா? இவற்றை நான் மாற்றிச் சொல்லிவிடக்கூடும். ஆனால் நடந்தது நடந்ததுதான். அங்கே நான் கேட்டது ஒரே ஒரு சொல். அது மட்டும் மறக்கவில்லை. நம்பாதவர்கள் நம்ப வேண்டாம்.

நான் குன்னூரில் தனியாக இருப்பவள். புத்தகம் படிப்பேன். பிறருக்காகப் புத்தகம் எழுதியும் கொடுப்பேன். பள்ளிக்கூட ஆண்டு மலர், தேவாலய நூற்றாண்டு மலர், இப்படி. நாள் முழுக்க யாரோடும் பேசாமல் இருந்தாலும் எனக்குக் குறையாகத் தெரியாது. போன ஐப்பசியில் நீலச்சுடர் என்ற எரிவாயுக் குழாய்க் கம்பெனி தன் பத்தாண்டு வரலாற்றை எழுதித் தரச் சொன்னது.

காரமடையிலிருந்து கெத்தை மலைப்பாதை வழியாக மஞ்சூர் வரை மண்ணுக்கடியில் குழாய் கொண்டுவந்த கம்பெனி அது. தேயிலை பேக்டரிகளில் கற்பூர மரம் என்று மலையில் சொல்லும் யூகலிப்டஸ் விறகை எரித்துத்தான் இலையைக் காயவைப்பார்கள். விறகுக்குப் பதில் கேஸ் என்பது திட்டம். காகிதத்தில் நன்றாகத்தான் இருந்தது. மலையில் வேறு மாதிரி நடந்தது. குழாய் ஏற்றிய லாரிகள் கொண்டை ஊசி வளைவுகளில் சிக்கி, பஸ்கள் நாள் முழுக்க நின்றன. அறுவடைக்கு நின்ற கேரட் தோட்டங்களை ஜேசிபி கிழித்துக்கொண்டு போனது. திறப்பு விழாவுக்கு வைத்த அலங்கார வளைவை இரவோடு இரவாக யாரோ பிடுங்கிப் பள்ளத்தில் தள்ளினார்கள். கேஸ் வந்தது. வெறுப்பு போகவில்லை. நான் கம்பெனிக்காக வந்திருக்கிறேன் என்று தெரிந்ததும், மஞ்சூருக்குப் பக்கத்து ஊரான பிக்கட்டியில் டீக்கடைக்காரர் பால் பொங்கிக்கொண்டிருக்கும்போதே டீ தீர்ந்துவிட்டது என்றார்.

கம்பெனியில் என்னோடு பேசியவர் ஷிஜோ. கூடலூர்க்காரர், மலையாளம் கலந்த பேச்சு, சிரித்த முகம். புத்தகத்தின் முதல் வரியை அவரே எழுதி வைத்திருந்தார். ‘ஒரு உயிரைக்கூட இழக்காமல் மலையேறிய குழாய்.’

“மேடம், மத்தது எல்லாம் உங்க இஷ்டம். அந்த ஒரு வரியை மட்டும் தொடக்கூடாது, கேட்டோ.”

நான் தலையாட்டினேன். எழுதப் பழகியவர்களுக்குத் தலையாட்டவும் பழக்கம் உண்டு.

மஞ்சூரில் அறை எடுத்துத் தங்கினேன். இரண்டாம் நாள் ஒரு பெண் வந்து கதவருகே நின்றாள். பெயர் ஜெஸிந்தா. எஸ்டேட்டில் இலை பறிக்கிறவள். அவள் கணவர் பிராங்ளின் இந்தக் குழாய் வேலைக்குக் கான்ட்ராக்டில் போனவர். நான்கு வருடம் முன்பு ஒரு மாலை வேலைக்குப் போன இடத்திலிருந்து வீடு திரும்பவில்லை. வேலையை முடித்துச் சொல்லிக்கொண்டு கிளம்பிவிட்டார் என்றது கம்பெனி. ஓடிப்போனவன் பெண்டாட்டி என்றது ஊர்.

உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

“ஏனுங்க, அந்தப் புஸ்தகத்துல எங்க ஊட்டுக்காரர் பேரு வருமுங்களா?”

நான் குறிப்பேட்டை மூடி வைத்தேன்.

“ஓடிட்டாருன்னா ஓடிட்டாருன்னே எழுதுங்க. செத்துட்டாருன்னா செத்துட்டாருன்னு எழுதுங்க. ரெண்டுல ஒண்ணு எனக்குத் தெரியோணும். கல்லறைத் திருநாளுக்கு எல்லாரும் மெழுகுவத்தி எடுத்துட்டுப் போறாங்க. நான் எங்க கொண்டுபோய் வெக்கறது?”

அவள் போன பிறகு ஷிஜோவுக்குப் போன் செய்தேன். அவர் சிரித்தார். பாலக்காட்டுப் பக்கம் இன்னொரு குடும்பம் இருக்கும், விசாரித்தால் தெரியும் என்றார். வேண்டுமானால் கடைசியாக அவனிடம் பேசிய பொன்ராஜையே கேட்டுக்கொள்ளுங்கள் என்றார்.

கேட்கத்தான் போனேன்.

பிக்கட்டிக்கு மேலே, தேயிலைச் சரிவின் ஓரத்தில் அவர் வேலை பார்க்கும் வால்வு ஸ்டேஷன், குழாயில் கேஸைத் திறந்து மூடும் இடம். கம்பி வேலி. ஒரே ஒரு அறை. வாசலுக்கு நேர் எதிரே, பத்தடி தள்ளி, சிமெண்ட் விளிம்பு கட்டிய ஒரு சதுரம். உள்ளே மணல். அதுதான் வால்வுக் குழி. இரண்டு ஆள் உயரம் ஆழம். இறங்கி ஏறச் சுவரில் இரும்புப் படிகள் உண்டாம். குழிக்குள் கேஸ் தேங்கக்கூடாது என்பதற்காக, வேலை முடிந்ததும் வால்வைச் சுற்றி மணலை நிரப்பி மூடிவிடுவது அந்தத் தொழிலில் வழக்கம்.

பொன்ராஜுக்கு ஐம்பது வயதிருக்கும். என்னை வாங்க என்று சொல்லவில்லை. தெருநாய் ஒன்று என் பின்னாலேயே வந்தது. வேலி வரை வந்தது. அதற்கு மேல் வரவில்லை.

மணல் விளிம்புக்கு ஒரு முழம் கீழே கிடந்தது. ஏன் என்று கேட்டேன்.

“எறங்குதுங்க. வருசம் ஒரு லோடு கொட்டறோம். எவ்வளவு கொட்டுனாலும் எறங்குது.”

“எங்கே போகுது?”

“அதை மணலைத்தான் கேக்கோணும்,” என்றார். சிரிக்கவில்லை.

பிராங்ளினைப் பற்றிக் கேட்டேன். முகம் இறுகியது. அன்று பனி, தன் கையே தனக்குத் தெரியாத பனி. பிராங்ளின் குழிக்குள் போல்ட் முடுக்கிக்கொண்டிருந்தான். இவர் இந்த அறையில் இருந்தார். வேலை முடிந்தது என்று வாக்கி டாக்கியில் சொன்னான். சொல்லிக்கொண்டு கிளம்பினான், தினமும் போல. அவன் போன பிறகு இவர் நைட்ரஜனைத் திறந்தார். கேஸ் விடும்முன் குழாயில் இருக்கும் காற்றை வெளியேற்ற அதை விடுவார்கள். குழி வழியாகத்தான் அது வெளியே வரும். அதற்கு நிறம் இல்லை, வாசனை இல்லை; அது தேங்கிய இடத்தில் மூச்சுக்குக் காற்று இருக்காது. மறுநாள் விடியும்முன் மணல் லாரி வந்து கொட்டியது. பனி அப்போதும் விலகவில்லை. இவ்வளவுதான், இதையே போலீசிலும் சொன்னேன் என்றார்.

அந்த வாக்கி டாக்கி இன்னும் ஆணியில் தொங்கியது. பின்மூடி இல்லை. பேட்டரியும் இல்லை. ஏன் வைத்திருக்கிறீர்கள் என்றேன். எறிய மனசு வரவில்லை என்றார்.

இருட்டும்முன் கீழ்ச்சரிவில் எதையோ பார்த்துவிட்டு வர வேண்டும் என்று மழைக்கோட்டை மாட்டினார்.

“வர்றேனுங்க மேடம்.”

சொல்லிவிட்டுப் போனார். பனி அவரை மூன்றே எட்டில் விழுங்கியது.

மணி மூன்றரைதான். ஜன்னல் வெள்ளையாக அடைத்துக்கொண்டது. விளக்கைப் போட்டேன்.

நிசப்தம் எனக்குப் பழக்கம். அதில் வகைகள் உண்டு. காலி வீட்டின் நிசப்தம் ஒன்று. படிக்கும் அறையின் நிசப்தம் ஒன்று. அன்று அங்கே இருந்தது வேறு. யாரோ மூச்சைப் பிடித்துக்கொண்டு இருப்பது போல...

கர்ர்ர்...

ஆணியில் தொங்கிய வாக்கி டாக்கி.

“வர்றேனுங்க.”

ஆண் குரல். மூச்சு வாங்கிய குரல். பொன்ராஜ்தான் எங்கிருந்தோ பேசுகிறார் என்று நினைத்தேன். நினைத்துக்கொண்டே வாய் பழக்கத்தில், “சரிங்க,” என்றேன்.

பிறகுதான் பேட்டரி இல்லாதது நினைவுக்கு வந்தது.

டங்...

வெளியே. இரும்பின் மேல் எதுவோ.

டங்...

மெதுவாக. ஒன்றுக்கும் அடுத்ததற்கும் இடையில் நீண்ட இடைவெளி. களைத்தவன் படி ஏறுவது போல. அங்கே படி ஏது? படி மணலுக்குள் அல்லவா இருக்கிறது?

டங்...

“வர்றேனுங்க.”

இந்த முறை குரல் வாக்கி டாக்கியிலிருந்து வரவில்லை. தரைக்கடியிலிருந்து வந்தது.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இது போகிறவன் சொல்லும் வர்றேன் இல்லை.

வருகிறவன் சொல்வது.

சுவரில் இருந்த சின்னக் கருவி கத்தத் தொடங்கியது. கீச்... கீச்... கீச்... காற்றில் ஆக்சிஜன் குறைந்தால் கத்தும் கருவி அது. சிவப்பு விளக்கு விட்டு விட்டு எரிந்தது.

எந்த வாசனையும் இல்லை.

தூக்கம் வந்தது. பயத்தின் நடுவே, இனிமையான தூக்கம்.

கதவைத் தள்ளினேன். அசையவில்லை. இழுத்தேன். அசையவில்லை.

வெளியே யாரோ கதவைப் பிடித்திருந்தார்கள்.

சர்... சர்... சர்...

கதவிடுக்கு வழியாக மணல் வந்தது. காய்ந்த மணல். வெளியே எல்லாம் நனைந்து கிடக்கும்போது காய்ந்த மணல்.

தரையில் விழுந்தேன்.

கருவி கத்துவதை நிறுத்தியது.

என் காதருகே, மிக அருகே...

“வந்துட்டேனுங்க.”

கண் விழித்தபோது வெளியே புல்லில் கிடந்தேன். பொன்ராஜ் என் முகத்தில் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தார். கதவு சாத்தியிருக்கவே இல்லை, விரியத் திறந்து கிடந்தது என்றார். எழுந்து துப்பினேன். வாய் நிறைய மணல்.

அவர் அந்த மணலைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

நான் கேட்டேன். “அன்னிக்கு அவர் கடைசியா என்ன சொன்னாரு? அந்த வார்த்தையை அப்படியே சொல்லுங்க.”

“முடிஞ்சுதுங்க, வர்றேனுங்கன்னான். நான் சரின்னேன்.”

“கிளம்பறப்ப சொன்னதா? மேலே ஏறி வர்றேன்னு சொன்னதா?”

அவர் குழிப் பக்கம் திரும்பினார். நாய் வேலிக்கு அப்பால் நின்று எங்களையே பார்த்தது.

“போறேன்னு நம்மூர்ல எவனுங்க சொல்லுவான்?” என்றார். குரல் உடைந்திருந்தது. “வர்றேன்னுதானே சொல்லிட்டுப் போவான்...”

அறைக்குப் பின்னால் போய் மண்வெட்டியை எடுத்துவந்தார். யாரையும் கேட்கவில்லை. மணலுக்குள் இறங்கித் தோண்டினார். இரண்டு ஆள் உயரக் குழி அது. நாள் கணக்கில் தோண்ட வேண்டியிருக்கும் என்று நினைத்தேன்.

முழங்கால் ஆழம்கூடப் போகவில்லை. மண்வெட்டி எதிலோ பட்டது.

மஞ்சள் ஹெல்மெட்.

பிரேதப் பரிசோதனை செய்த மருத்துவர் பின்னால் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். நெஞ்சுக்குள் ஒரு துகள் மணல்கூட இல்லை. அப்படியென்றால் மணல் கொட்டும்போது பிராங்ளின் உயிரோடு இல்லை. நைட்ரஜனில் இரண்டு மூச்சு, மூன்றாவது மூச்சுக்குக் குழியின் அடியில் விழுந்திருப்பார். மணல் அவர் மேல்தான் கொட்டப்பட்டிருக்க வேண்டும். ஆனால் எடுத்தபோது அவர் அடியில் இல்லை. படிகளின் மேல் நின்றிருந்தார். இரண்டு கைகளும் மேலிருந்து முதல் படியைப் பிடித்திருந்தன. விரல்களைப் பிரிக்க நேரமாயிற்று. கீழே இருந்த ஒவ்வொரு படியிலும் துரு தேய்ந்து இரும்பு பளபளத்தது.

வருடத்துக்கு ஒரு லோடு இறங்கிய மணல் எங்கே போனது என்பதற்கு யாரிடமும் பதில் இல்லை. நான் அங்கே போன அன்று குழாயில் நைட்ரஜனே விடவில்லை என்பதற்குக் கம்பெனியே சாட்சி.

பொன்ராஜ் தானாகவே போலீசுக்குப் போனார். இப்போது ஜாமீனில் இருக்கிறார். யார் வீட்டிலிருந்து கிளம்பினாலும் வர்றேன் என்று சொல்லாமல் எழுந்து போய்விடுகிறார் என்கிறார்கள். ஷிஜோ கொச்சிக்கு மாறிவிட்டார். புத்தகத்தை வேறொருவர் எழுதினார். அந்த முதல் வரி அதில் அப்படியே இருக்கிறது. குழியில் கான்கிரீட் போட்டார்கள், குழாயில் கேஸ் ஓடுகிறது. அந்த ஸ்டேஷனில் ஆள் நிற்பதில்லை. நான் குன்னூரில் இருக்கிறேன். தெருவில் யாராவது வர்றேனுங்க என்று சொல்லிவிட்டுப் போனால், அவர் போகும்வரை பார்த்துக்கொண்டிருப்பேன். பிராங்ளின் மஞ்சூர் கல்லறைத் தோட்டத்தில் இருக்கிறார். கல்லறைத் திருநாளன்று ஜெஸிந்தா அங்கே மெழுகுவத்தி வைத்தாள். நானும் உடன் போயிருந்தேன். திரும்பும்போது அவள் கல்லறையைப் பார்த்து, போறேன் என்று மட்டும் சொன்னாள்.